குழந்தையைப் படித்த அம்மையார்

மல்லிகைக்கும் கற்றாழைக்கும் ஒரே அளவு நீர் ஊற்றும் தோட்டக்காரன் எங்கும் இல்லை. ஒன்றுக்கு உயிர் தரும் நீர் மற்றொன்றின் வேரை அழுகச் செய்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் கல்விக்கூடத்தில் மட்டும் ஐம்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே வேகம், ஒரே மணியோசை, ஒரே வினாத்தாள் என்று வகுத்து வைத்திருக்கிறோம். விரைவாகக் கற்பவள் காத்திருந்து சலித்துப் போகிறாள். மெல்லக் கற்பவள் ஓடி ஓடிக் களைத்து, முடிவில் தன்னை மந்தம் என்று தானே நம்பத் தொடங்குகிறாள். கல்வி பிள்ளைக்கு ஏற்றபடி அமைய வேண்டுமா? அல்லது பிள்ளைதான் கல்விக்கு ஏற்றபடி வளைய வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து, வகுப்பறையிலேயே அதற்கு விடை தேடியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மழலையர் பள்ளிகளின் வாயிற்பலகைகளில் அவர் பெயரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருந்தார் என்பதும், போர்க்காலத்தில் அவர் நம் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் வாழ்ந்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அன்பு மாணவியரே, அவருடைய வாழ்வைச் சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டின் கிழக்குக் கரையில் அங்கோனா நகருக்கு அருகே கியாரவாலே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெசாந்த்ரோ அரசாங்க அலுவலர், கண்டிப்பு மிக்கவர். தாய் ரெனில்தே பெண்கள் அதிகம் படிக்காத அந்தக் காலத்திலேயே நூல்களில் நாட்டம் கொண்டவர். மரியா அவர்களுக்கு ஒரே பிள்ளை. 1875-இல் குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது.

பெண்பிள்ளை படித்தால் ஆசிரியையாகலாம். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதே அக்கால வழக்கம். பெற்றோரும் அப்படியே எண்ணினர். மரியாவோ ஆசிரியைத் தொழில் மட்டும் வேண்டாம் என்று உறுதியாக மறுத்துவிட்டார்! பிற்காலத்தில் உலகமே ஆசிரியை என்று போற்றப்போகிறவர் அன்று அவ்வாறு மறுத்தது வியப்பான செய்திதான். கணக்கில் ஆர்வம் மிகுந்த அவர், பொறியியல் கற்கும் எண்ணத்துடன் பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடியும் தறுவாயில் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது.

அதற்கு வழி எளிதாகக் கிடைக்கவில்லை. 1890-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் வகுப்பில் சேர்ந்து, அதில் தேறிய பிறகே மருத்துவ வகுப்பில் இடம் பெற்றார். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாய் மட்டும் துணை நின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிணங்களை அறுத்துப் பயில்வது தகாது என்று கருதப்பட்டது. ஆகவே மற்றவர்கள் சென்ற பின், மாலை வேளையில், சடலங்களுக்கு நடுவே தனியாக நின்று அவர் பயில வேண்டியிருந்தது. 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது, இத்தாலியில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் சில பெண்களுள் ஒருவராக அவர் விளங்கினார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குச் சென்று, ஆணுக்குச் சமமான கூலி உழைக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்று வாதாடினார்.

ஊரார் வகுத்துவைத்த பாதை தமக்குப் பொருந்தாது என்று கண்டு, தமக்குப் பொருந்திய பாதையை வருந்தித் தேடிக்கொண்டவர் அவர். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப்பாதை உண்டு என்பதைப் பின்னாளில் அவர் அவ்வளவு எளிதாகக் கண்டுகொண்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகள்

மருத்துவரான பின் பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் அவர் பணியாற்றினார். அதற்காக நகரின் மனநோய் விடுதிகளுக்குச் சென்று வருவார். அந்நாளில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் மனநோயாளிகளோடு சேர்த்தே அடைத்து வைத்திருந்தனர். ஒரு விடுதியில் அக்குழந்தைகள் உணவு முடிந்ததும் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்று, அவர்களைக் காத்துவந்த பெண் அருவருப்போடு கூறினாளாம். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். தொட்டுப் பார்க்கவோ, கையில் எடுத்து உருட்டவோ ஒரு பொருளும் இல்லை. அந்தக் குழந்தைகள் வயிற்றுப் பசியால் துணுக்குகளைத் தேடவில்லை, கைகளும் கண்களும் வேலைக்கு ஏங்கியதால் தேடின என்று அவர் உணர்ந்தார் என அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அன்று முதல் அவர் வேறொரு படிப்பைத் தொடங்கினார். காட்டில் தனியே திரிந்து பிடிபட்ட அவேரோன் சிறுவனுக்குக் கல்வி புகட்ட முயன்ற பிரெஞ்சு மருத்துவர் இட்டார், அவருடைய வழியில் வந்த செகான் ஆகிய இருவரின் நூல்களையும் தேடிப் படித்தார். படித்ததோடு நில்லாமல், அவற்றை முதலிலிருந்து முடிவு வரை தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். பழங்காலத்து மடங்களில் துறவியர் ஏடுகளைப் படியெடுத்தது போன்ற பொறுமை அது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எண்ணிப் பார்ப்பதற்கு அதுவே வழி என்பது அவர் கருத்து.

இப்பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்பதை 1898-இல் தூரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1900-இல் ரோமாபுரியில் அவர்களுக்கென ஒரு பள்ளி எழுந்தது. மருத்துவர் மொந்தெசானோவுடன் சேர்ந்து மரியா அதற்குத் தலைமை ஏற்றார். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைப்பார். எதற்கும் உதவார் என்று கைவிடப்பட்ட அப்பிள்ளைகளுள் சிலர், படிக்கவும் எழுதவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே பொதுத் தேர்வில் தேறினர். ஊரே வியந்து பாராட்டியது.

ஆனால் மரியாவுக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்தது. குறையுள்ள பிள்ளைகள் நல்ல பிள்ளைகளுக்குச் சமமாகத் தேறுகிறார்கள் என்றால், நல்ல பிள்ளைகளை எது தாழ்த்தி வைத்திருக்கிறது? அவர்களுடைய பள்ளிகளில் என்ன குறை? இந்த வினாவே அவரைச் சாதாரணப் பள்ளியின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

இக்காலத்தில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெருந்துயரும் இருந்தது. மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898-இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. அக்காலச் சமூகத்துக்கு அஞ்சி, குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்கப்பட்டது. பிறர் பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக இருந்தவர் தம் பிள்ளையை விருந்தாளியைப் போலச் சென்று பார்த்துவர வேண்டியதாயிற்று. மரியோ சிறுவனாக வளர்ந்த பின்னரே தாயுடன் வந்து சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை அவருடைய வலக்கையாக இருந்தவரும் அந்த மகனே.

குழந்தைகளின் இல்லம்

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. பாதியில் நின்றுபோன கட்டடங்களில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தன. ஒரு கட்டட நிறுவனம் அவற்றைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடியாடிப் புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களைக் காப்பதற்காக அந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள நிறுவனத்தார் விரும்பினர். அந்தப் பொறுப்பு மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, அந்த அறை திறக்கப்பட்டது. ‘குழந்தைகளின் இல்லம்’ என்பது அதன் பெயர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்; அழுது வீங்கிய முகங்கள்; மிரண்ட கண்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. அதே கட்டடத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண்தான் துணைக்கு அமர்த்தப்பட்டாள். முந்தைய பள்ளியில் பயன்படுத்திய சில மரப்பொருள்களை அங்கே வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று அம்மையார் கவனிக்கத் தொடங்கினார். அவருடைய பெருமை இந்தக் கவனிப்பிலேதான் இருக்கிறது. பாடம் சொல்ல வந்த அவர் முதலில் குழந்தையைப் படித்தார்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் இறுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து முடித்தபின், நன்றாக உறங்கி எழுந்தவளைப் போலப் புன்னகையுடன் நிமிர்ந்தாள். சிறு பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்று யார் சொன்னது? தனக்குப் பொருந்திய வேலை கிடைக்கும்வரைதான் அது அலைபாயும்.

மற்றொரு நாள் பொருள்கள் வைத்திருந்த அலமாரி பூட்டப்படாமல் இருந்தது. உதவிப்பெண் வருவதற்குள் பிள்ளைகள் தாங்களே ஆளுக்கொன்றை எடுத்து வேலையில் அமர்ந்துவிட்டனர். அவள் அதைத் திருட்டு என்று எண்ணிக் கோபித்தாள். அம்மையாரோ அதில் வேறொன்றைக் கண்டார். எது தனக்கு வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் ஆற்றல் பிள்ளைக்கு இருக்கிறது! அதுமுதல் பொருள்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகளில் வைக்கப்பட்டன. மிட்டாயும் பரிசும் கொடுத்துப் பார்த்தார்கள். வேலையில் ஆழ்ந்த பிள்ளைகள் அவற்றை ஒதுக்கிவிட்டனர்.

எழுத்து வந்த விதம் எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகி வந்தனர். ஒருநாள் மொட்டை மாடியில் ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். அவன் வரைந்து முடித்ததும், திடீரென்று தரையில் அதன் பெயரையும் எழுதினான். எழுதத் தெரிந்துவிட்டது என்று கூவிக்கொண்டு துள்ளினான். அதைக் கண்ட மற்றவர்களும் சுண்ணக்கட்டி கேட்டு எழுதத் தொடங்கினர். எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். நான்கு, ஐந்து வயதினர்.

ஒருத்திக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒழுங்கு

ஐம்பது பிள்ளைகளுக்கு ஐம்பது பாடம் சொல்ல ஓர் ஆசிரியையால் முடியுமா? பெற்றோரும் ஆசிரியரும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. அம்மையாரின் முறையில் இதற்குத் தெளிவான விடை உண்டு.

அவருடைய பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கருத்தை மட்டும் கற்பிப்பவை. இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது பத்துக் கனசதுரங்கள். மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். நிறம் ஒன்றே, வடிவம் ஒன்றே. அளவு மட்டுமே வேறு. உருளைகளைத் தவறான குழியில் வைத்தால் கடைசி உருளைக்கு இடம் பொருந்தாது. தவற்றைப் பொருளே காட்டிவிடுகிறது. சிவப்பு மை தேவையில்லை. தோழியர் முன் தலைகுனிவும் இல்லை. இவ்வாறு பிள்ளை தானே தன்னைத் திருத்திக்கொள்வதால், ஆசிரியைக்கு நேரம் கிடைக்கிறது. உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளையின் பக்கத்தில் அவர் போய் அமர முடிகிறது.

பெயர்களைக் கற்பிப்பதற்குச் செகானிடமிருந்து மூன்று படிகளை அவர் எடுத்துக்கொண்டார். முதலில் இது சிவப்பு, இது நீலம் என்று காட்டுவது. அடுத்து, சிவப்பு எது, நீலம் எது என்று எடுத்துத் தரச் சொல்வது. கடைசியாக, ஒன்றைக் காட்டி அதன் பெயரைக் கேட்பது. பிள்ளை தவறினால் ஆசிரியை அதட்டவோ மீண்டும் மீண்டும் ஒப்பிக்கச் செய்யவோ கூடாது. பொருளை அமைதியாக எடுத்து வைத்துவிட்டு, வேறொரு நாள் தொடங்க வேண்டும். இன்று இப்பிள்ளைக்கு வேளை வரவில்லை என்பதே அதன் பொருள். மேலும், மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பர். பெரியவள் சின்னவளுக்குக் காட்டிக் கொடுப்பாள். சொல்லிக் கொடுப்பவளுக்கும் அது மறுபடிப்பு.

அப்படியானால் பிள்ளை விரும்பியதையெல்லாம் செய்யலாமா? இல்லை. அம்மையாரின் சுதந்திரத்துக்கு உறுதியான வேலி உண்டு. பயன்படுத்தும் விதம் காட்டப்பட்ட பொருளையே எடுக்கலாம். எடுத்ததை அதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பிறர் வேலையைக் கலைக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மற்றொருத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையையும் பிறரை மதிப்பதையும் இவ்வாறு அறிவுரை இன்றியே பிள்ளைகள் கற்றனர். பொருள்களின் வரிசையும் அவர் வகுத்ததே. ஆக, எதைக் கற்பது என்ற திட்டம் பெரியவரிடம் இருந்தது. எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பது பிள்ளையிடம் இருந்தது. பிள்ளைக்கேற்ற கல்வி என்பதைச் செல்லம் கொடுப்பது என்று எண்ணுவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

கன்னியர் இல்லத்தில்

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டனர். பெற்றோரை இழந்த சுமார் அறுபது குழந்தைகள் ரோமாபுரியில் ஜூஸ்தி தெருவிலிருந்த மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபைக் கன்னியரிடம் வந்து சேர்ந்தனர். தங்கள் பெயரையும் சொல்லாமல், உண்ணாமல், உறங்காமல் திகைத்திருந்த பிள்ளைகள் அவர்கள். சகோதரியர் அவர்களுக்காக அழகிய அறைகளை அமைத்தனர். சிறு மேசைகள், சிறு நாற்காலிகள், சிறு தட்டுகள், கை துடைக்கும் சிறு துணிகள் எல்லாம் வைத்தனர். மேசையை ஒழுங்குபடுத்தவும் பரிமாறவும் பொறுமையாகக் கற்பித்தனர். மெல்ல மெல்ல அப்பிள்ளைகளிடம் பசி திரும்பியது; தூக்கம் திரும்பியது; சிரிப்பும் திரும்பியது. அம்மையார் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியதும் இந்தக் கன்னியர் இல்லத்தில்தான்.

கத்தோலிக்க மறையில் பிறந்து வளர்ந்த அம்மையார், மறைக்கல்வியிலும் இதே வழியைப் பின்பற்றினார். பார்சிலோனா நகரில் குழந்தைகளுக்கென்றே அமைக்கப்பட்ட சிற்றாலயத்தில், திருப்பலிக்குரிய பொருள்களைக் குழந்தைகள் தம் கைக்கேற்ற அளவில் எடுத்துப் பயின்றனர்.

புகழும் எதிர்ப்பும்

1909-இல் வெளிவந்த அவருடைய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913-இல் அமெரிக்காவில் அவருக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்றை அமைத்தனர். பிள்ளைகள் வேலை செய்வதை மக்கள் வெளியே நின்று வியந்து பார்த்தனர்.

எதிர்ப்பும் எழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1914-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அம்மையாரின் பொருள்கள் குறுகியவை. கற்பனைக்கும் கூடி விளையாடுவதற்கும் அவற்றில் இடம் போதாது என்பது அவருடைய குறை. அதன்பின் அமெரிக்காவில் அம்முறை பல ஆண்டுகள் மங்கிக் கிடந்தது. இந்தக் குறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பொருள்கள் விலை மிகுந்தவை என்பதும் உண்மையே. ஏழைக் குழந்தைகளின் நடுவே பிறந்த ஒரு முறை பல நாடுகளில் வசதியுள்ளோர் பள்ளிகளின் அடையாளமாகிப் போனது வருந்தத்தக்கது.

அரசியலும் அவரைச் சோதித்தது. முசோலினியின் அரசு 1924 முதல் அவர் பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. அவரும் அதைச் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டார். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே சீருடையில், ஒரே முழக்கத்தில் அணிவகுக்கச் செய்ய விரும்பிய ஆட்சிக்கும், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்து நோக்கிய கல்விக்கும் எவ்வாறு பொருந்தும்? 1934-இல் உறவு முறிந்தது. இத்தாலியில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடிவிட்டனர். 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் அவரைப் பார்சிலோனாவிலிருந்தும் துரத்தியது. அறுபத்தாறு வயதில் ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

நம் நாட்டில்

அவர் வருவதற்கு முன்பே அவர் பெயர் இந்தியாவுக்கு வந்துவிட்டது. குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பால மந்திர் தொடங்கி, அம்முறையை நம் நாட்டு ஏழ்மைக்கேற்ப எளிமையாக்கி நடத்தினார். காந்தியடிகள் 1931-இல் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்தார்.

1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்று அம்மையாரும் மரியோவும் சென்னை வந்தனர். பனையோலை வேய்ந்த கொட்டகைகளில் வகுப்பு தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேரளவில் வந்து பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாக எண்ணியே வந்தனர். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுதலை செய்வதாக வைசிராய் தந்தி அனுப்பினார். அதுவரை மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் உலகம் குறிப்பிட்டுவந்த மரியோவை, அந்தத் தந்தி அவருடைய மகன் என்றே குறித்தது.

பின்னர் கொடைக்கானலில் தங்கி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குரிய கல்வியை அவர் உருவாக்கினார். பிள்ளைகள் கொண்டுவரும் இலை, பூ, பூச்சி, கல் ஆகியவற்றிலிருந்தே பாடம் எழுந்தது. ஒரு புல்லிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து விண்ணுக்கும் பிள்ளையின் கேள்வி வளரும். ஆசிரியை அதன் பின்னே செல்வார். இடுப்பில் குழந்தையுடன் சந்தைக்கும் கோயிலுக்கும் செல்லும் நம் தாய்மாரையும் அவர் கூர்ந்து கவனித்தார். பிறந்த நாள் முதலே குழந்தை தன்னைச் சுற்றியுள்ளவற்றை உள்வாங்குகிறது என்னும் அவருடைய பிற்காலக் கருத்துக்கு அக்காட்சி வலுவூட்டியது. நம் நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். இலங்கையிலும் 1944-இல் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், மீண்டும் வந்து 1949 வரை இங்கே பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அழைப்பு வந்தபோது எண்பதைத் தாண்டிய வயதிலும் ஆர்வம் கொண்டார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்தின் கடற்கரை ஊரான நோர்த்வைக்கில் அமைதியாக உயிர் நீத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் துயில்கிறார். உலகில் அமைதியை உருவாக்கத் தம்மோடு சேர வருமாறு குழந்தைகளை வேண்டும் வாசகமே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

நமக்கு என்ன?

நம் வகுப்புகள் பெரியவை. அரசுத் தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. அதை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் சான் லொரென்சோவிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். ஆசிரியையும் பயிற்சி பெற்றவர் அல்லர் என்பதை மறக்கக்கூடாது. தேர்வு ஒன்றாக இருக்கலாம். அதை நோக்கி நடக்கும் வழியும் வேகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முந்திக்கொண்டவளைப் பின்தங்கியவள் அருகில் அமர்த்தலாம். இன்று விளங்காததை அவமானமாக்காமல் நாளைக்கு எடுத்து வைக்கலாம். திருத்துவதற்கு முன் கவனிக்கலாம். இவற்றுக்கெல்லாம் விலை உயர்ந்த பொருள்கள் தேவையில்லை.

பெற்றோரே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை நம் பிள்ளையின் அளவுகோலாக்குவதை விட்டுவிடுவோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது சமநீதி ஆகாது. எல்லோருக்கும் பொருந்தும் சட்டை கிடைப்பதே சமநீதி. மாணவியரே, உங்களுக்கேற்ற வழியைத் தேடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தச் சிறுமியை நினைவில் வையுங்கள். தனக்குப் பிடித்த வேலையை அவள் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்ததை நாற்பது முறைக்கு மேல் செய்தாள். விருப்பம் என்பது உழைப்பிலிருந்து விலகும் குறுக்குவழி அன்று. உழைப்புக்குள் நுழையும் வாசல். அந்த வாசல் ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுப்பது பள்ளியின் கடமை. அதன் வழியே உள்ளே நடந்து செல்வது நம் கடமை.